யானைக்கால் நோய்த் தடுப்பும் நிணநீர் வீக்கப் பராமரிப்பும்: கள்ளக்குறிச்சி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

யானைக்கால் நோயின் வரலாறு பெரும்பாலும் புழு, கொசு, மருந்து ஆகிய மூன்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. நோய் பரவாமல் தடுப்பதில் கிடைத்த வெற்றிகள் அதில் விரிவாகப் பதிவாகியுள்ளன. ஏற்கெனவே வீங்கிய காலுடன் வாழ்வோருக்கான சிகிச்சை அவ்வரலாற்றின் ஓரத்திலேயே இடம்பெறுகிறது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் திருக்கோவிலூர்ப் பகுதியில் நடைபெற்ற தடுப்பு ஆய்வுகளையும், நிணநீர் வீக்கத்திற்கான இயன்முறை மருத்துவத்தின் வளர்ச்சியையும் அருகருகே வைத்து இக்கட்டுரை நோக்குகிறது. நோய்ப் பரவல் நின்ற பின்னும் வீங்கிய காலுக்குரிய பராமரிப்பு தொடர வேண்டிய கடமையே என்பதும், அப்பராமரிப்பின் அடிப்படைகள் மக்கள் வழக்குச் சொற்களிலேயே தடம் பதித்துள்ளன என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: யானைக்கால் நோய், நிணநீர் வீக்கம், இயன்முறை மருத்துவம், திருக்கோவிலூர், கல்வராயன் மலை, சேற்றுப்புண், நெறிகட்டு.

முன்னுரை

ஒரு நோய் ஒழிக்கப்பட்டது என்று எப்போது கூறலாம்? புதிதாக எவருக்கும் அது தொற்றாத நிலையை ஒழிப்பு என்று கொள்வது பொது நலவாழ்வுத் துறையின் வழக்கம். பெரியம்மைக்கு இவ்வரையறை பொருந்தும். யானைக்கால் நோய்க்கு அது முழுமையாகப் பொருந்துவதில்லை. இந்நோயை உண்டாக்கும் புழு இறந்த பின்னும், அது சிதைத்த நிணநீர் நாளங்கள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இரத்தத்தில் நுண்புழு ஒன்றுகூட இல்லாத ஒருவரின் கால், ஆண்டுதோறும் மேலும் மேலும் பருத்துக்கொண்டே செல்லலாம். எனவே ஓர் ஊரில் நோய்ப் பரவல் நின்றுவிட்ட பின்னரும், அவ்வூரில் நோயாளிகள் பல பத்தாண்டுகள் வாழ்ந்துகொண்டிருப்பர்.

இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

ஆய்வுக்குரிய நிலப்பகுதி

பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. மாவட்டத்தின் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை நிற்கிறது. கோமுகி, மணிமுக்தா ஆறுகள் அங்கிருந்து இறங்கிச் சமவெளியை நனைக்கின்றன. வடகிழக்கில் தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர் அமைந்துள்ளது. சமவெளியில் நெல்லும் கரும்பும் முதன்மைப் பயிர்கள். மலையில் மலையாளிப் பழங்குடியினர் மிகுதியாக வாழ்கின்றனர்.

மலையும் சமவெளியும் ஒரே மாவட்டத்தில் அடங்கினாலும் இரண்டின் நிருவாக வரலாறும் ஒன்றன்று. கல்வராயன் மலையில் ஜாகிர்தார் முறை 1970களின் நடுப்பகுதிவரை நீடித்தது. அதன் பின்னரே மலை மக்கள் அரசு நிருவாகத்தின் நேரடி வரம்பிற்குள் வந்தனர். சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைப் பற்றிய எந்த ஆய்வும் இக்காலத் தாழ்வைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பழைய மருத்துவ மரபும் சாபக் கதையும்

வடமொழி மருத்துவ நூல்கள் இந்நோயைச் ‘சிலீபதம்’ என்று குறிப்பிடுகின்றன. பழைய நீர் தேங்கிக் கிடக்கும் நாடுகளில் இது மிகுதி என்னும் கருத்து சுசுருத சங்கிதையில் இடம்பெறுகிறது. கொசுவைப் பற்றிய அறிவு இல்லாத காலத்திலேயே தேங்கிய நீருக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு கவனிக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. சித்த மருத்துவமும் மக்கள் வழக்கும் இதனை ‘யானைக்கால்’ என்றே வழங்குகின்றன.

கூர்ந்த கவனிப்புடன் இழிவும் சேர்ந்தே வளர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கோவாவில் வாழ்ந்த டச்சுப் பயணி லின்ஸ்கோட்டன், இந்நோய் புனித தோமையாரைக் கொன்றவர்களின் வழித்தோன்றல்களுக்கு நேர்ந்த சாபம் என்னும் கதையைப் பதிவு செய்துள்ளார். ஐரோப்பியர் இதனைப் ‘புனித தோமையார் கால்’ என்றும் ‘கொச்சிக் கால்’ என்றும் அழைத்தனர். தோமையாரின் இறப்பு மயிலாப்பூருடன் இணைத்துப் பேசப்படுவதால் இக்கதை தமிழ்நிலத்தோடும் தொடர்புடையது. நோயுற்ற உடலைக் குற்றம் செய்த உடலாகக் காணும் இந்நோக்கு, சாபக் கதை மறைந்த பின்னும் வேறு வடிவங்களில் நிலைத்தது. வீங்கிய காலைப் புடவைக்குள்ளும் வேட்டிக்குள்ளும் மறைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கியவர்களின் மௌனம் அதன் தொடர்ச்சியே.

புழுவும் கொசுவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நோயின் காரணம் படிப்படியாகத் துலங்கியது. 1866இல் பிரேசில் நாட்டின் பாகியாவில் வுச்செரர் நோயாளியின் சிறுநீரில் நுண்புழுக்களைக் கண்டார். 1872இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் அவற்றை மனித இரத்தத்தில் கண்டார். 1876இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜோசப் பான்கிராஃப்ட் முதிர்ந்த புழுவைக் கண்டறிந்தார். 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சன், கொசுவின் உடலில் இப்புழு வளர்வதை நிறுவினார். கொசு கடிக்கும்போதே புழு மனித உடலில் நுழைகிறது என்பது 1900இல் உறுதியாயிற்று. தமிழ்நாட்டுச் சமவெளியில் இதனைப் பரப்புவது கழிவுநீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு.

இக்கண்டுபிடிப்புகள் தடுப்புக்கு வழி திறந்தன. ஆனால் வீங்கிய கால் அறுவை மருத்துவரிடம் விடப்பட்டது. கல்கத்தாவில் பணியாற்றிய ஹேவ்லாக் சார்லஸ், பருத்த தோலையும் அடித்திசுவையும் வெட்டி அகற்றும் முறையை 1912இல் விவரித்தார். பிற்காலத்தில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் எஸ். ஜமால், தேங்கிய நிணநீரைச் சிரைக்குள் திருப்பிவிடும் அறுவையை மேற்கொண்டு, 1980களின் தொடக்கத்தில் அதன் பயனை வெளியிட்டார். இவை திறம்மிக்க முயற்சிகள். எனினும் அறுவைக் கூடத்தை எட்ட இயன்ற சிலருக்கே அவை பயன்பட்டன.

மருந்தும் திட்டங்களும்

1947இல் டை-எத்தில் கார்பமசின் (டி.இ.சி.) என்னும் மருந்து அறிமுகமாயிற்று. அதனை உருவாக்கிய அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்திற்கு அப்போது தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ். ஒரிசாவில் 1949 முதல் 1954 வரை நடந்த முன்னோட்டத்திற்குப் பிறகு, 1955இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது.

அத்திட்டத்தின் அமைப்பே அதன் எல்லையையும் வகுத்தது. கொசுப்புழு ஒழிப்புப் பணி பெரிதும் நகரங்களை மையமாகக் கொண்டிருந்தது. சிற்றூர்கள் நெடுங்காலம் அதன் முழு வரம்பிற்குள் வரவில்லை. கள்ளக்குறிச்சி போன்ற வேளாண் வட்டாரத்திற்கு இது முக்கியமான செய்தி.

1990களில் அணுகுமுறை மாறியது. நோயுற்றவரைத் தேடி மருந்து கொடுப்பதற்கு மாற்றாக, நோய் நிலவும் பகுதியில் வாழும் தகுதியுள்ள அனைவருக்கும் ஆண்டுக்கொருமுறை மருந்து வழங்கும் முறை உருவாயிற்று. இந்தியாவில் இது 1996-97இல் 13 மாவட்டங்களில் தொடங்கி, 2004இல் நாடு தழுவியதாக விரிந்தது. உலகச் சுகாதாரப் பேரவை 1997இல் இந்நோயை ஒழிக்கத் தீர்மானித்தது. 2000இல் தொடங்கிய உலகளாவிய ஒழிப்புத் திட்டத்திற்கு இரண்டு குறிக்கோள்கள் இருந்தன. ஒன்று, பரவலை நிறுத்துதல். மற்றொன்று, ஏற்கெனவே நோயுற்றோரின் துன்பத்தைக் குறைத்தல். இரண்டும் தாளில் இணையாக நின்றாலும், ஓட்டத்தில் முதலாவதே முந்திச் சென்றது. மருந்து வழங்கல் ஆண்டில் சில நாள்களில் முடிந்துவிடும். எத்தனை பேர் உட்கொண்டனர் என்று எண்ணிவிடலாம். பராமரிப்போ ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டிலும் நிகழ வேண்டியது. எண்ணிக்கைக்கு எளிதில் அகப்படாதது.

திருக்கோவிலூர் ஆய்வுகள்

இக்காலத்தில் திருக்கோவிலூர்ப் பகுதிச் சிற்றூர்கள் உலக நலவாழ்வு ஆய்விதழ்களில் இடம்பெற்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் அங்கு ஒரு வினாவை எழுப்பினர்: ஆண்டுதோறும் மருந்து கொடுப்பது மட்டும் போதுமா, கொசுவையும் கட்டுப்படுத்த வேண்டுமா? சில ஊர்களில் டி.இ.சி., ஐவர்மெக்டின் ஆகிய மருந்துகள் மட்டும் வழங்கப்பட்டன. வேறு சில ஊர்களில் மருந்துடன் கொசுக் கட்டுப்பாடும் மேற்கொள்ளப்பட்டது. நீர்ப்பரப்பை மூடி மிதக்கும் பாலிஸ்டைரின் மணிகளும் கொசுப்புழுவைத் தின்னும் மீன்களும் அதற்குப் பயன்பட்டன. நீர்ப்பரப்பை மணிகள் மூடியதும் கொசுப்புழு மூச்சுவிட மேலே வர இயலாது. கொசுவும் முட்டையிட இயலாது.

2001இலும் 2007இலும் வெளிவந்த கட்டுரைகளின் சாரம் இதுதான்: மருந்தினால் கிடைத்த நன்மை கொசுக் கட்டுப்பாடும் சேர்ந்த ஊர்களில் உறுதியாக நிலைத்தது. இரண்டாவது கட்டுரை உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று. தென்பெண்ணைக் கரைச் சிற்றூர்களின் அனுபவம் உலகத் திட்டத்தின் விவாதத்திற்குள் நுழைந்தது இவ்வாறே.

இவ்வாய்வுகள் அளந்தவை இரத்தத்தில் உள்ள நுண்புழுவும் கொசுவின் உடலில் உள்ள இளம்புழுவும் ஆகும். பரவலை அளக்க இவையே சரியான அளவுகோல்கள். ஆனால் இவ்வளவுகோல்களில் வீங்கிய கால் தென்படாது. நெடுநாள் வீக்கம் உடையவரின் இரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழு இருப்பதில்லை. நோயின் முகமாக ஊரில் அறியப்பட்டவர், நோயின் கணக்கில் இடம்பெறாமல் போகும் முரண் இங்கு உருவாகிறது.

வீக்கம் பெருகுவது ஏன்?

இரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரின் ஒரு பகுதி, புரதங்களுடன் நிணநீர் நாளங்கள் வழியாக மீண்டும் இரத்தத்தில் சேர்கிறது. நிணநீரைத் தள்ள இதயம் போன்ற தனி உறுப்பு இல்லை. நாளச் சுவர்களின் சுருக்கமும், அருகிலுள்ள தசைகளின் அசைவும், மூச்சின் இயக்கமும் அதனை நகர்த்துகின்றன. ஒருவழி அடைப்பிதழ்கள் அது திரும்பி வராமல் தடுக்கின்றன. முதிர்ந்த புழுக்கள் இந்நாளங்களில் ஆண்டுக்கணக்கில் தங்கி அவற்றை விரிவடையச் செய்கின்றன. அடைப்பிதழ்கள் செயலிழக்கின்றன. நீர் தேங்குகிறது.

ஆனால் தொடக்க வீக்கத்தைப் பெரும் யானைக்காலாக மாற்றுவது புழு மட்டுமன்று. பிரேசிலின் ரெசிஃபி நகரில் ஜெருசா டிரேயர் தலைமையில் நடந்த பணிகளும், கேரளத்தின் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் ஆர்.கே. ஷெனாயும் அவர் குழுவினரும் செய்த ஆய்வுகளும் 1990களில் இதனைத் தெளிவாக்கின. கால்விரல் இடுக்கின் வெடிப்பு, பூஞ்சைப் புண், சிறு காயம் ஆகியவற்றின் வழியே நுண்ணுயிர்கள் நுழைகின்றன. நிணநீர் தேங்கிய காலில் அவை எளிதில் பெருகுகின்றன. குளிர் காய்ச்சல், கால் சிவத்தல், கடும் வலி என்று தாக்குதல் வருகிறது. ஒவ்வொரு தாக்குதலும் எஞ்சிய நாளங்களையும் கெடுத்துத் தோலைத் தடிக்கச் செய்கிறது. அடுத்த தாக்குதலுக்கு அதுவே வழியமைக்கிறது.

தமிழ் வழக்குச் சொற்கள் இங்கு கவனத்திற்குரியவை. நெல் வயலில் நடவு செய்வோரின் விரலிடுக்கில் தோன்றும் புண்ணுக்குச் ‘சேற்றுப்புண்’ என்று பெயர். காலில் புண் ஏற்பட்டால் தொடையிடுக்கில் கட்டி எழும்புவதை ‘நெறி கட்டுதல்’ என்பர். பாதத்தின் புண்ணுக்கும் தொடையிடுக்கின் நிணநீர்க் கணுவுக்கும் உள்ள தொடர்பை உழவர் பேச்சு முன்பே அறிந்திருந்தது. மருத்துவ ஆய்வு நிறுவிய நுழைவாயில் சேற்றுப்புண்ணே; அது சென்று சேரும் இடம் நெறியே. இவ்விரு சொற்களையும் இணைத்து விளக்கினால், நிணநீரியலை எந்த உழவர் வீட்டிலும் புரியவைக்க இயலும்.

இயன்முறை மருத்துவத்தின் இரு கிளைகள்

வீங்கிய உறுப்பை அறுவையின்றிச் சுருக்கும் முறைக்கு ஐரோப்பாவில் தனி வரலாறு உண்டு. ஆஸ்திரிய அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் வினிவார்ட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உயர்த்தி வைத்தல், தேய்த்துவிடுதல், அழுத்திக் கட்டுதல் ஆகியவற்றைப் பரிந்துரைத்தார். 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் நிணநீரை மெல்லிய கையசைவால் நகர்த்தும் முறையை வகுத்தார். பின்னர் ஜெர்மனியின் மைக்கேல் ஃபோல்டியும் எத்தல் ஃபோல்டியும் கைவழி நிணநீர் வடிப்பு, அடுக்கு அழுத்தக் கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகிய நான்கையும் ஒரே சிகிச்சையாக ஒருங்கிணைத்தனர்.

இம்முறையால் அங்குப் பெரிதும் பயன்பெற்றோர் மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்கிய பெண்கள். அவ்வீக்கத்தை 1921இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் ‘அறுவையால் விளைந்த யானைக்கால்’ என்னும் பொருளிலேயே பெயரிட்டார். காரணம் வேறாயினும் உடலில் நிகழ்வது ஒன்றே என்பதை அப்பெயர் காட்டுகிறது.

பயிற்சி பெற்ற கைகளும் விலையுயர்ந்த கட்டுத்துணிகளும் தேவைப்படும் இம்முறை, வெப்ப நாடுகளின் சிற்றூர்களுக்கு அப்படியே பொருந்தவில்லை. ரெசிஃபியில் உருவான இரண்டாவது கிளை வேறொரு தொடக்கப் புள்ளியைத் தேர்ந்தது. அது சோப்பும் நீரும் ஆகும். நோயாளிகள் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் ‘நம்பிக்கைக் கழகங்கள்’ அங்குத் தோன்றின. ஆலப்புழை ஆய்வுகளும் காலைக் கழுவிப் பராமரித்தல் தாக்குதல்களைக் குறைப்பதைக் காட்டின. காசர்கோட்டில் உள்ள பயன்பாட்டுத் தோலியல் நிறுவனம் தோல் பராமரிப்பு, ஆயுர்வேதம், யோகப் பயிற்சி, அழுத்தக் கட்டு ஆகியவற்றை இணைத்து மூன்றாவது வழி ஒன்றை வகுத்தது.

இம்முறைகளின் பொதுக்கூறுகள் எளியவை. நாள்தோறும் காலைத் தூய நீரிலும் சோப்பிலும் கழுவ வேண்டும். விரலிடுக்குகளையும் தோல் மடிப்புகளையும் மெல்ல ஒற்றி உலர்த்த வேண்டும். புண்ணோ வெடிப்போ இருந்தால் உரிய களிம்பு இட வேண்டும். அமரும்போதும் உறங்கும்போதும் காலை உயர்த்தி வைக்க வேண்டும். கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல், சுழற்றுதல், குதிகாலை உயர்த்தி நிற்றல் ஆகிய பயிற்சிகள் கெண்டைக்கால் தசையை இயக்கி நிணநீரை மேலேற்றும். காலை அழுத்தாத, பாதத்தைக் காக்கும் காலணி அணிய வேண்டும். கடும் தாக்குதல் உள்ள நாள்களில் பயிற்சியும் கட்டும் கூடா. ஓய்வும் குளிர்ந்த ஒற்றடமும் மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லியும் தேவை. தமனி நோயோ இதயச் செயலிழப்போ உடையவர்களுக்கு அழுத்தக் கட்டு தீங்கு விளைக்கலாம் என்பதால், கட்டு இடுவதற்கு முன் மருத்துவ ஆய்வு இன்றியமையாதது.

வட்டாரச் சூழலில் பராமரிப்பு

மேற்கண்ட கூறுகளை எளியவை என்று எழுதுவது எளிது. சேற்றில் நின்று நாற்று நடுபவரின் கால் உலர்ந்திருப்பது எங்ஙனம்? கரும்பு வெட்டும் நாள்களில் அதனை உயர்த்தி வைப்பது எப்போது? வீட்டிற்கு நீர் சுமந்து வருபவரே நோயாளியாகவும் இருந்தால், காலைக் கழுவும் நீர் அவருடைய உழைப்பிலிருந்தே வர வேண்டும். ஆகவே நிணநீர் வீக்கப் பராமரிப்பு குடிநீர் வழங்கலோடும் கூலி வேலையின் நேரத்தோடும் பிணைந்தது.

கல்வராயன் மலைக்கு வேறு கணக்கு வேண்டும். திருக்கோவிலூர் ஆய்வுகள் கழிவுநீர்க் கொசு பெருகும் சமவெளிக்குரியவை. அவற்றின் முடிவுகளை மலைக்கு அப்படியே ஏற்றிச் சொல்லுதல் பொருந்தாது. எனினும் நிணநீர் வீக்கம் யானைக்கால் புழுவால் மட்டும் வருவதன்று. புற்றுநோய் அறுவை, கதிர்வீச்சு, காயம், பிறவிக் குறை ஆகியவற்றாலும் அது தோன்றும். காரணம் எதுவாயினும் பராமரிப்பு நாள்தோறும் தேவை. நாள்தோறும் தேவைப்படும் ஒன்றை மலையிலிருந்து இறங்கிச் சென்று பெற இயலாது. அது வெள்ளிமலையிலும் அதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இருக்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் இதற்கான வாய்ப்புகள் தோன்றியுள்ளன. கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இயன்முறை மருத்துவத்தையும் வீட்டு வாசலுக்கே கொண்டு செல்வதை நோக்கமாகக் கொண்டது. யானைக்கால் நோய்க்கு மருந்து ஏற்கெனவே வீடு தேடி வந்திருக்கிறது. கற்பிக்கும் கை வீடு தேடி வருவதற்கான அமைப்பு இப்போதுதான் உருவாகியுள்ளது.

நான்காம் நிலை வீக்கம் உடையோருக்கு அரசு மாதாந்திர உதவித்தொகை வழங்குகிறது. அது தேவையான உதவி. ஆனால் பராமரிப்பால் மிகுந்த பயன் பெறக்கூடியவர்கள் முதல் இரு நிலைகளில் உள்ளவர்கள். கடைசி நிலையை அடைந்த பின்னரே ஒருவர் பதிவேட்டில் தெளிவாகத் தென்படும் முறை, அந்நிலையை அடையாமல் காக்கும் காலத்தைத் தவறவிடுகிறது.

முடிவுரை

உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கையிலும் மாலத்தீவிலும் யானைக்கால் நோய் பொது நலவாழ்வுச் சிக்கலாக இல்லாதொழிந்ததை ஏற்றது. அத்தகைய ஏற்பைப் பெற ஒரு நாடு பரவல் நின்றதை மட்டும் காட்டினால் போதாது. எத்தனை நோயாளிகள் உள்ளனர், அவர்களுக்குரிய பராமரிப்பு எங்குக் கிடைக்கிறது என்பதையும் ஆவணப்படுத்த வேண்டும். ஒழிப்பு என்னும் சொல்லின் பொருளுக்குள் வீங்கிய கால் இவ்வாறு திரும்ப வந்திருக்கிறது.

திருக்கோவிலூர்ச் சிற்றூர்கள் கொசுவும் மருந்தும் பற்றிய அறிவை உலகிற்கு அளித்தன. அதே வட்டாரம் இப்போது விடை கூற வேண்டிய வினா வேறு: பரவல் குறைந்த பின் எஞ்சி நிற்போரை யார் எண்ணுவது, யார் கற்பிப்பது? அவ்விடைக்கான முதற்படி விரிவான பதிவேடு. சேற்றுப்புண்ணோடு நெறி கட்டி வரும் ஒருவரைத் தொடக்க நிலையிலேயே அடையாளம் கண்டு, கழுவவும் உலர்த்தவும் அசைக்கவும் கற்பிக்கும் ஒருவர் ஒவ்வொரு துணைச் சுகாதார நிலையத்திலும் இருந்தால், அவரது கால் நான்காம் நிலையை எட்டாமல் காக்க இயலும்.